பச்சை பூசிய கோடு

பின்பலகையின் ஆணிகளைப் பிடுங்கியதும் அந்த வாசனை வந்துவிட்டது. ஈரம் ஊறிய பலகை, பூஞ்சணம், அதற்கு அடியில் மங்கலாகப் பெயர்ப்பலகை எழுதுகிற எனாமல் பெயின்ட். பதினோரு வருடம் சுவரில் தொங்கிய படத்துக்குள் எனாமல் வாசனை மிஞ்சியிருக்குமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எனக்கு அடித்தது, அவ்வளவுதான். ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் பிடித்தபடியே கடை வாசலுக்கு வந்து நின்றேன். பதுளை பஸ் நிலையப் பக்கம் வழக்கம்போல நான்கைந்து நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஸ்பிரிங்வெளி என்றான், ஒருவன் நமுனுகுல என்றான். நீ வழக்கமாக ஏறுகிற பஸ் புறப்பட்டுப் போகும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

அது நீ வரைந்த நமுனுகுல மலை. என் வேலை மேசையின் அகலத்துக்கு இருக்கும் அந்தப் பெரிய படம். அப்புத்தளை விடுதிக்காரர் ஒருவருக்காக நீ வரைந்தாய், நான் சட்டம் போட்டேன். எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம், மூச்சு முட்டும் என்று நீ சொன்னாய். அப்புத்தளையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், கண்ணாடி போடாமல் கொடுத்தால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஈரம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே புகுந்துகொண்டது. இப்போது பழைய முதலாளியின் மகன்தான் விடுதியைப் பார்க்கிறான். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"அங்கிள், இந்த இடத்துல மட்டும் பச்சை உரிஞ்சு உள்ளுக்க மண் கலர் தெரியுது. கெஸ்ட் எல்லாம் சாப்பிடுற எடத்துல மாட்டியிருக்கோம், பாக்க நல்லால்ல. கொஞ்சம் பச்சை அடிச்சுக் குடுத்திருங்க."

அவன் விரல் வைத்த இடம் எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நான் விரல் வைத்திருக்கிறேன். அதே வார்த்தைகளை, இதைவிடக் கொஞ்சம் அதிகாரமாக, உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடம் பழகிய நாம் இரண்டு பேரும் பேசாமல் விட்டது அது ஒன்றைத்தான். நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தைரியம் வரவில்லை. நீ போன பிறகு எழுதுவதற்குத் தைரியம் தேவைப்படவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். நான் பஜார் கடைக்காரரின் மகன், நீ தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு நான் அப்பாவின் பிரேம் கடையில் உட்கார்ந்தேன், நீ தூரிகையை எடுத்தாய். கடைப் பலகை, லொறிக் கதவு, கோயில் சுவர் என்று எது கிடைத்தாலும் எழுதினாய். அன்றிலிருந்து என்னை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மொதலாளி" என்பாய். நக்கல்தான். கடையில் வேலைக்கு இருந்ததும் முதலாளியாக இருந்ததும் நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியாதா என்ன.

மலையை நீ எப்போது வரைய ஆரம்பித்தாய் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எல்ல ஊர்ப் பக்கமும் அப்புத்தளை பக்கமும் கூட்டமாக வரத் தொடங்கிய பிறகு, விடுதிக்கு ஒரு மலை வேண்டும் என்று ஆட்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் உன்னிடம் சொன்னேன். நீ எதிர் மலைக்குப் போனாய். உன் தோட்டத்துக்கு நேர் எதிரே, நடுவில் பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு. அங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாய். பிறந்த நாளிலிருந்து காலடியில் கிடந்த மலையை அங்கே போய்த்தான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொன்னாய்.

ஒரு போயா விடுமுறையில், பௌர்ணமி நாள், நானும் கூட வந்தேன். கையை நீட்டி, கட்டை விரலைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

"மொதலாளி, இங்க வந்து பாரு. எங்க லயம் பூரா என் கட்டை வெரலுக்குள்ள அடங்கிருச்சு. நாப்பது குடும்பம். நகத்தைக்கூடத் தாண்டல."

நானும் விரலை நீட்டிப் பார்த்தேன். உண்மைதான். விரலை எடுத்தால் லயம், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசை, இருந்தது, வைத்தால் இல்லை. விளையாட்டாக நாலைந்து தடவை எடுத்து எடுத்து வைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் விரலை எனக்கே பிடிக்கவில்லை.

மலையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் ஆளைச் சின்னதாகப் போட வேண்டும் என்பது உன் கணக்கு. ஆளே இல்லாமல் வரைந்தால் மலைக்கு அளவு இல்லாமல் போய்விடும், மேகம் மாதிரி ஆகிவிடும் என்பாய். அதனால் உன் படங்களில் எல்லாம் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருப்பார்கள். ஓர் அரிசி அளவுகூட இருக்க மாட்டார்கள். அந்த அரிசிக்குள் தலைத்துணி ஒரு நிறம், முதுகுக் கூடை ஒரு நிறம், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஒரு நிறம். இரண்டே மயிர் உள்ள தூரிகையை நீயே செய்துவைத்திருந்தாய். முழு மலைக்கும் ஒரு வாரம் எடுப்பாய், அந்தப் பெண்களுக்கு இன்னொரு வாரம். யாருக்குத் தெரியப் போகிறது, ஒரு பொட்டு வைத்துவிட்டு வாயேன் என்று நான் கத்துவேன். நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய்.

ஒரு முறை கடையில் மாட்டியிருந்த உன் படத்தின் முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா வெகுநேரம் நின்றார். இந்த மலைக்கு முன்னால் மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள், நினைத்தாலே மனம் லேசாகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அவர் போன பிறகு நான் உனக்கு அதைத் தமிழில் சொன்னேன், பெருமையாகத்தான்.

"சின்னதாத் தெரியுறது அவங்களுக்குப் புதுசு போல," என்றாய். "நமக்கு என்னப்பா புதுசு?"

சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். பிறகு வந்த வாடிக்கையாளருக்கு முருகன் படம் ஒன்றுக்குச் சட்டம் காட்டப் போய்விட்டேன்.

அந்தப் பெரிய படத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

விடுதி திறப்பு மறுநாள். விடுதிக்காரர் அனுப்பிய வேன் கடை வாசலில் நிற்கிறது. நீ படத்தைப் பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து அப்போதுதான் பிரித்தாய். நான் பார்த்தேன். நீ வரைந்ததிலேயே பெரிய மலை அது. மேலே பாதி மூடுபனி, நடுவே பாறை, அதன் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே கோடு கிழித்த மாதிரி உங்கள் லயம். சரிவில் பதினொரு பெண்கள். எல்லாம் சரி. ஆனால் பாறைக்குக் கீழே, தேயிலையின் குறுக்காக, சாய்வாக ஒரு மண்நிறக் கோடு. தடிப்பமில்லை. ஆனால் கண் நேரே அங்கேதான் போனது.

"இது என்ன? மலைக்குக் கத்திக் குத்து விழுந்த மாதிரி?"

"அது இருக்குப்பா அங்க. போன மாசம் இல்ல, இப்ப இருக்கு. இருக்கிறதைத்தான் போட்டேன்."

"இருந்தா இருக்கட்டும். சாப்பிடுற எடத்துல மாட்டப் போறாங்க. பச்சையா, குளிர்ச்சியா இருக்க வேணாமா? எடுத்துரு."

நீ படத்தையே பார்த்தாய். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாய், மறுபக்கம் பார்த்தாய்.

"இல்ல மொதலாளி. நல்லாத்தானே இருக்கு. அவ்ளோ பச்சைக்கும் அந்த ஒத்தக் கோடுதான் உசுர் குடுக்குது."

வேன்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் காலையில் நீ என் கடை வாசலில் ஒரு மருந்துக்கடைப் பலகையை எழுதி முடித்திருந்தாய். பச்சை எனாமல் தகரம் மூடி திறந்தபடியே இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்ப் படத்தில் எனாமல் நிற்காது என்றாய். நான் நேரமில்லை என்றேன். கொஞ்சம் மஞ்சளைக் கலந்து, மூன்றே தீற்று. கோடு போய்விட்டது. "உன் கடை, உன் இஷ்டம்," என்று சொல்லிக் கையைத் துடைத்தாய். நான் ஈரம் காய்வதற்குள் கண்ணாடியை வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

கண்ணாடி வெட்டும்போது நீ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பேர் சொன்னாய். இது அக்கா, இது இன்னார் என்று. கண்ணாடிமேல் வெட்டுகிற வைர முனையை இழுக்கும்போது நான் எதையும் கேட்கமாட்டேன். சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று காது அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடம் மாறி உடையும். ஆகவே 'ம்' 'ம்' என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஒரு பேர்கூட என் மனதில் நிற்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஐப்பசி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடியதும், இந்த மழையில் மலைக்கு ஏற முடியாது என்று வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை இருந்திருந்தால் சரிவில் வேறெங்காவது இருந்திருப்பார்கள். வேலை இல்லாததால் லயத்துக்குள் இருந்தார்கள். நீ முந்தின நாள் பதுளைக்கு வந்து, பஸ் ஓடாமல் என் வீட்டில் தங்கியிருந்தாய். காலை எட்டு மணிக்கு மேல் செய்தி வந்தது. பாறைக்குக் கீழே இருந்த சரிவு முழுக்க இறங்கி வந்து லயத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

பாதை அறுந்துவிட்டதால் உன் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. எதிர் மலை வரைதான் போக முடிந்தது. நீ வழக்கமாக முக்காலி போடுகிற அந்த வளைவில்தான் போய் நின்றோம். மழை வெறித்து, மூடுபனி விலகியபோது மலை தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை மண். லயம் இருந்த இடமும் மண். நான் உன் தோளைப் பிடித்திருந்தேன். நீ அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"அதே கலர்ப்பா. இந்தக் கலரை நான் கலந்திருக்கேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ எனக்குப் புரிந்துவிட்டதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உன் அக்காவை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். ஆளாக எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. உயிர் தப்பிப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தவர்களுக்கு நான் பாய், போர்வை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தேன். பஜாரில் என்னை நல்ல மனிதன் என்றார்கள். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நீயாகவே ஆரம்பித்தாய்.

"நான் அது வெடிப்புன்னு நெனைக்கவே இல்ல, தெரியுமா? வெடிப்புன்னு நெனைச்சிருந்தா ஓடிப் போய்ச் சொல்லியிருக்க மாட்டேனா? நான் பாத்துட்டு, அடடா, இந்த எடத்துல இந்தக் கலர் எவ்ளோ நல்லாருக்குன்னு நெனைச்சேன். அவ்ளோதான் நெனைச்சேன்."

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். நீயாவது போட்டாய், நான் அழிக்கச் சொன்னேன் என்று. அழிக்காமல் இருந்திருந்தால் திறப்பு விழாவில் யாராவது ஒரு தோட்டத்து உத்தியோகத்தர், சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தவர், அது என்ன கோடு என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் போயிருக்கலாம். இதை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு உன்னிடம் சொன்னது, "விடுப்பா, யாருக்குத் தெரியும்" என்பது மட்டும்தான். நீ தலையாட்டினாய். குழாயை மூடினாய்.

அதற்குப் பிறகு நீ மலை வரையவில்லை. எழுத்துகள் மட்டும் எழுதினாய். கடைப் பேர், வாகன இலக்கம், 'இங்கே குப்பை போடாதீர்'. என் கடைக்கு வந்தால் மலை தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாய். விடுதிக்காரர்கள் வந்து கேட்டால் கண் சரியில்லை என்பாய். அந்தக் கண்ணால்தான் எதிர்க் கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொல்வாய். பிளேன்டீ குடித்தோம், அரசியல் பேசினோம், என் மகளின் கல்யாணத்துக்கு மணவறைத் திரை எழுதிக் கொடுத்தாய். ஒரு நாளும் நீ அந்தப் பச்சையைப் பற்றிப் பேசவில்லை. பேசிவிடுவாயோ என்று முதல் இரண்டு வருடம் பயந்தேன். பிறகு, பேச மாட்டேன் என்கிறாயே என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. மன்னித்துவிட்டாயா, மறந்துவிட்டாயா, இல்லை என்னைப் பார்த்தபோதெல்லாம் அதைத்தான் நினைத்தாயா? கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் பிளேன்டீக்குச் சீனி போதுமா என்றுதான் வந்தது.

போன வருடம் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. உன் படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன். செத்தவர்களின் படத்துக்குச் சட்டம் போட்டே வயிறு வளர்க்கிறவன் நான், ஆணியைக் கோணலாக அடித்தது அன்றைக்குத்தான்.

உன் சாவு வீட்டில் ரஞ்சனி என்னிடம் வந்தாள். உன் அக்கா மகள். மண் இறங்கியபோது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு இருந்ததால் தப்பியவள். அப்போது பதினேழு வயது. உன் சாவு நேரத்தில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் செத்தவர்களை நினைத்துப் படையல் போட வேண்டும், அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்றாள். வீட்டிலிருந்த படமெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. அடையாள அட்டையும் அம்மாவோடு போய்விட்டது. அம்மா இருந்த காலத்தில் அவளிடம் இருந்தது படம் பிடிக்காத போன். என் கடையில் பழைய படம் ஏதாவது கிடக்குமா என்று கேட்டாள். தேடினேன், இல்லை.

"மாமா கடைசியா ஆஸ்பத்திரியில சொன்னாரு ஐயா. அப்புத்தளையில ஒரு படத்துல அம்மா நிக்கிறாங்கன்னு. அது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்."

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும், விசாரிக்கவில்லை. அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அதுவாகவே என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

விடுதிப் பையனிடம் பச்சை அடிக்க முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். பெயின்ட் பிடிக்காது என்றேன். அதற்குப் பதிலாக நமுனுகுலவின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது, மண்ணும் இல்லை, மனிதரும் இல்லை. இது இன்னும் கிளியரா இருக்கே அங்கிள் என்று சந்தோஷமாக எடுத்துப் போனான். பிறகு ரஞ்சனிக்குப் போன் செய்தேன்.

நேற்று வந்தாள். கண்ணாடி இல்லாமல் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். பூஞ்சணத்தை எவ்வளவு துடைக்க முடியுமோ துடைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"அம்மா எது ஐயா?"

ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. பதினொன்றில் ஒன்று. அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? விரலைக்கூடத் தூக்கிவிட்டேன். பிறகு கீழே போட்டேன்.

"தெரியாதும்மா. உங்க மாமா ஒவ்வொரு ஆளா சொன்னாரு. நான் கேக்கல."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து, முகத்தைப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு விரல் படாமல், ஒரு நூல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"இது பாக்கியத்தக்கா. மொத நெரை எப்பவும் அவங்களுக்குத்தான், கங்காணி மாத்தவே மாட்டாரு. இது ராக்கு ஆச்சி, கூனியிருக்காங்க பாருங்க. இது செல்லம்மா அக்காவும் அவங்க ஓரகத்தியும். சண்டை போட்டாலும் பக்கத்துப் பக்கத்து நெரைதான் கேப்பாங்க. இது சந்தனம்மா மாமி…"

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு வரிசை, அதைத்தான் நிரை என்கிறார்கள். எந்த நிரையில் யார் நிற்பார்கள் என்பது அந்தப் பெண்களுக்குள் மாறாத ஒழுங்கு. நீ அந்த ஒழுங்கிலேயே அவர்களை நிறுத்தியிருக்கிறாய். பதினோரு வருடமாக அப்புத்தளையில் எத்தனையோ பேர் பார்த்துச் சாப்பிட்ட படம், அவர்களுக்கெல்லாம் மலை. எனக்குப் புள்ளிகள். ரஞ்சனி அதைப் பேர்ப் பதிவு மாதிரி வாசித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். இந்தத் தடவை பதினொரு பேரையும் கேட்டேன்.

"ஓரத்து நெரை அம்மாவோடது," என்றாள். "பாறைப் பக்கம் யாரும் போக மாட்டாங்க, அட்டைக்கடி அதிகம். அம்மாதான் போவாங்க."

அங்கே ஓர் அரிசியளவில் உன் அக்கா. நீலத் தலைத்துணி. முகம் வரைய இடமில்லை. ஆனால் ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது. நெற்றி வியர்வையைத் துடைக்கிற மாதிரி, அல்லது எதிர் மலையில் உட்கார்ந்திருக்கிற தம்பியைப் பார்க்கிற மாதிரி. ரஞ்சனி அந்த இடத்தை மட்டும் தொட்டாள். அப்போதுதான் சரியாக அதற்கு மேலே, பச்சை உரிந்த இடம் அவள் கண்ணில் பட்டது.

"இது என்ன ஐயா, கோடு?"

சொன்னேன். வேன், திறப்பு விழா, எனாமல் தகரம், மூன்று தீற்று, எதையும் விடவில்லை. உன்னிடம் சொல்லாததையெல்லாம் உன் மருமகளிடம் சொன்னேன். அவள் குந்தியபடியே இருந்தாள்.

"அந்த மாசம் அம்மா போன்ல சொன்னாங்க," என்றாள். "நெரையில நெலம் பொளந்து கெடக்கு, கூடையோட தாண்ட வேண்டியிருக்குன்னு. நான் பாத்து நடங்கம்மான்னு சொன்னேன். வேற ஒன்னும் சொல்லல."

அக்காவுக்கு அது காலடியில் ஒரு தாண்டு. தம்பிக்குத் தூரத்தில் ஒரு நிறம். மகளுக்குப் போனில் ஒரு பேச்சு. அவளையும் இதில் சேர்த்துவிட்டோமே என்று பட்டது. "உன் மேல என்னம்மா தப்பு" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா போட்டாரு. நீங்க அழிக்கச் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"ஆமாம்மா," என்றேன்.

படத்தை அவளுக்குத்தான் கொடுத்தேன். கண்ணாடி வேண்டாம் என்றாள். படையலுக்கு இதையே வைத்து மாலை போடுவார்களாம். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரு மாலை. போர்வையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

நீ பத்து வருடம் என் எதிரே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தாய், 'நீ அழிக்கச் சொன்னாய்' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது உன் நல்ல மனசு என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படி இல்லையடா. நீ சொல்லியிருந்தால் 'ஆமாம்' என்று உன்னிடமே சொல்லியிருப்பேன். நேற்று அதை உன் அக்காவின் மகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று.